திறனாய்வுத் தாளில் குறைந்த புள்ளி: வெளிநாட்டு வேலைக்குத் தகுதியில்லை என்று அர்த்தமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஓர் இளைஞர் நிலையத்தில் தொழில் ஆலோசனை சொல்கிறேன். வெளிநாடு போகப் போகிறவர்களும் போய்த் திரும்பியவர்களும்தான் அதிகம் வருகிறார்கள். யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்க்க, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய ஒரு திறனாய்வுத் தாளை, நேரம் குறித்துக் கொடுக்கிறோம். குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய அக்கா ஒருவர் அதில் மிகக் குறைவாகவே எடுத்தார். ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக அவருக்கு ஆசை. புள்ளியைக் காட்டி ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அந்தப் புள்ளி அவருடைய திறமையை எவ்வளவு காட்டுகிறது, பேனா பிடித்து எத்தனை வருடமாயிற்று என்பதை எவ்வளவு காட்டுகிறது என்று பிரிக்க வழியில்லை. தமிழாக்கிய தாள் பெரும்பாலும் பாடப்புத்தகத் தமிழில் இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பிறகு அரபியிலேயே வேலை பார்த்தவர் கேள்வியை இரண்டு தடவை வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தாளோடு வந்த தர அட்டவணையையும், அதாவது ஒருவரின் புள்ளி மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று காட்டும் பட்டியலையும் பாருங்கள். அது யாரை வைத்துத் தயாரானது? அமெரிக்க வேலைவாய்ப்புச் சேவை 1940களில் உருவாக்கிய பொதுத் திறன் சோதனைத் தொகுதியின் அட்டவணை, அந்த நாட்டில் வேலை பார்த்தவர்களை வைத்துப் போட்டது. தோட்டத்து அக்காவை அந்த வரிசையில் நிறுத்தி ‘கீழே இருக்கிறார்’ என்பது நியாயமே இல்லை. சரி, எழுத்தே இல்லாத படத் தாள் கொடுக்கலாமே என்பீர்கள். 1938இல் வந்த ரேவன் வடிவச் சோதனை அப்படித்தான், சொல்லே கிடையாது. ஆனாலும் பள்ளிப்படிப்பும் இப்படிப்பட்ட புதிர்களில் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது சுலபம். பல நாடுகளில் அதே சோதனையில் தலைமுறைக்குத் தலைமுறை புள்ளி ஏறிக்கொண்டே வந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனித மூளை அவ்வளவு வேகமாக மாறியிருக்காது, மாறியது வளர்ந்த சூழல்தான்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டால், ‘வீட்டு வேலைதான் செஞ்சேன், வேற ஒன்னும் தெரியாது’ என்பார். இல்லையென்றால் சப் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தபடி ‘எல்லாம் தெரியும்’ என்பார். இரண்டாலும் பயனில்லை. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அக்கா, காலையில எழும்பினதும் முதல் வேலை என்ன? அப்புறம்?’ அந்த வீட்டில் வயதானவர் இருந்தாரா? மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தது, நேரம் எப்படி நினைவில் இருந்தது? ஒருநாள் அவர் சாப்பிட மறுத்தபோது என்ன செய்தீர்கள், யாருக்குச் சொன்னீர்கள்? சீனி வியாதிக்காரருக்கு ஊசி போட்டது, கட்டிலிலிருந்து முதுகு பிடித்துக்கொள்ளாமல் தூக்கியது, ‘மேடம்’ வீட்டில் இல்லாதபோது தானே முடிவெடுத்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவர் திறமை என்றே எண்ணாத விஷயங்கள் இவை. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றிரண்டைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: ஒருவரைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்கட்டும். கை நடுங்குகிறதா, படுத்திருப்பவரிடம் பேசிக்கொண்டே செய்கிறாரா என்று கவனித்தால் போதும்.

ஜப்பான் விஷயத்தில் உண்மையான தடை வேறு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஜப்பான் கொடுக்கும் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் பராமரிப்புத் துறைக்குப் போக, பொது ஜப்பானிய மொழித் தேர்வில் 250க்கு 200 எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 (N4) என்ற நிலையில் சான்றிதழ் வேண்டும். அதோடு பராமரிப்புத் திறன் தேர்வும் பராமரிப்புக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு. என்4 தவிர எல்லாம் கணினியில்தான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, ‘இவரால் இந்த மொழியைக் கற்க முடியுமா?’ என்பதே.

அதற்கு ஒரு நல்ல வழி, கற்றுக்கொடுத்துப் பார்ப்பது. 1950களில் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் வழக்கமான சோதனைகளில் பின்தங்கியபோது, ரூவன் ஃபொயர்ஸ்டைன் என்ற உளவியலாளர் இதே யோசனையைத்தான் எடுத்தார்: சோதி, கற்றுக்கொடு, மறுபடி சோதி. எவ்வளவு தெரியும் என்பதைவிட எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். நீங்களும் ஹிரகானா என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்துகளில் பத்தை எடுத்து, ஓசையோடு அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அடுத்த வாரம் அவர் வரும்போது எத்தனை மிச்சம் இருக்கிறது? குவைத்தில் அரபியைக் காதால் பிடித்தவர் பேச்சில் வேகமாக ஏறுவார், எழுத்தில் திணறலாம். அப்படியானால் எழுத்து வகுப்புக்குக் கூடுதல் மாதங்கள் வேண்டும் என்பதுதான் உங்கள் ஆலோசனை.

திறனாய்வுத் தாளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. உயர்தரம் முடித்த தம்பி ஒருவர் மின்பணியா, வாகனத் திருத்தமா என்று தடுமாறினால் அது கொஞ்சம் உதவும். ஒரே தாளை எல்லோருக்கும் நீட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, அக்காவின் அனுபவத்தைக் காகிதமாக்குங்கள். வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களையும் மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். பழைய வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட்டில் உள்ள விசாப் பக்கங்கள், முடிந்தால் பழைய எஜமானியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் ஆகியவற்றை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துவிடட்டும்.