லேசருக்கு முன்னால் பெருங்குடலைப் பார்த்துவிடுங்கள்

கேள்வி: என் வயது 52. மூல நோயால் இரண்டு ஆண்டுகளாக அவ்வப்போது ரத்தம் போகிறது. மலம் கழிக்கும்போது வெளியே வரும் சதையை விரலால் தள்ளினால்தான் உள்ளே போகிறது. லேசர் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஆனால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலத்தை அடக்கும் சக்தி போய்விடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயந்துபோய், களிம்பு தடவியே சமாளிக்கிறேன். அரிப்பும் வாயுத் தொல்லையும் உண்டு. மூன்று மாதங்களாக மலம் கழித்த பின்பும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது, களைப்பும் அதிகம். மூலம் முற்றினால் புற்றுநோயாக மாறுமா?

பதில்: மாறாது. மூலம் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அது புற்றுநோயாவதில்லை. ஆனால் மூலம் இருக்கும் ஒருவருக்கு, அதற்கு மேலே பெருங்குடலிலோ மலக்குடலிலோ தனியாக ஒரு கட்டி வளரலாம். அந்தக் கட்டியும் ரத்தம் கசியும். அந்த ரத்தத்துக்கும் மூலத்தின் மீதே பழி போட்டுவிட்டு மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மூன்று மாத மாற்றம்தான். வெளியே தள்ளும் மூலமே மிச்சம் இருப்பது போன்ற உணர்வைத் தரலாம். தொடர்ந்து ரத்தம் போனால் ரத்தசோகை வந்து களைப்பும் வரலாம். பெரும்பாலும் உங்களுக்கும் அப்படியே இருக்கக்கூடும். ஆனால் 50 வயதைக் கடந்த ஒருவருக்கு ரத்தப்போக்கும், மலம் கழிக்கும் பழக்கத்தில் புதிய மாற்றமும், களைப்பும் ஒன்றாகச் சேரும்போது ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி இருந்துவிட முடியாது. ரத்தம் சிவப்பாக இருக்கிறது, மலத்தோடு கலக்காமல் சொட்டுகிறது என்பதை வைத்து நீங்களாகவே மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியிலிருந்தும் சிவப்பாகவே ரத்தம் வரும். ஆகவே முதலில் விரல் பரிசோதனை, ஹீமோகுளோபின் அளவு, பிறகு கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை. முந்தைய நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் இதில் சற்றுச் சிரமம். பரிசோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பதால் பொதுவாக வலி தெரியாது. வழியில் சிறிய பாலிப் (குடல் சவ்வில் வளரும் சதை முளை) ஏதும் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். அது முடியும்வரை லேசருக்குத் தேதி குறிக்காதீர்கள்.

இனி, உங்களை இரண்டு ஆண்டுகளாகத் தடுத்து வைத்திருக்கும் பயத்துக்கு வருவோம். மலத்தை அடக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசைகள். மூலம் என்பது அவற்றுக்கு உட்புறம் சவ்வின் அடியில் வீங்கிய ரத்தநாளத் திசு. லேசர் முறையில் மெல்லிய இழை ஒன்றை அந்தத் திசுவுக்குள் செலுத்தி, வெப்பத்தால் அதைச் சுருங்க வைக்கிறோம். டாப்ளர் முறையில் ஒலியலைக் கருவியைக் கொண்டு அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் கண்டறிந்து தையலிட்டுக் கட்டுகிறோம். ஸ்டேப்ளர் முறையில் மேலே உள்ள சவ்வை வளையமாக எடுத்து, தொங்கும் சதையை மேலே இழுத்துப் பொருத்துகிறோம். இவற்றில் எதிலும் சுருக்குத் தசையை வெட்டுவதில்லை. சில வாரங்களுக்கு மலம் அவசரமாக வரலாம், குறிப்பாக ஸ்டேப்ளருக்குப் பின். நிரந்தரமாகக் கட்டுப்பாடு போவது அரிது. முன்பு பவுத்திரம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் உண்மையில் எடைபோட வேண்டியது வேறொன்று. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பது இந்த முறைகளின் பலம்; மூலத்தை வெட்டி எடுக்கும் பழைய அறுவை சிகிச்சையைவிட, திரும்ப வரும் வாய்ப்பு இவற்றில் கூடுதல். விரலால் தள்ள வேண்டிய உங்கள் நிலை மூன்றாம் நிலை. சிலருக்கு அந்த நிலையிலும் மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி, ரத்தம் தடைபட்டு அது உதிரச் செய்வதே போதும், மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

வாயுத் தொல்லைக்கும் மூலத்துக்கும் தொடர்பில்லை. அரிப்புக்குக் காரணம் கசிவாக இருக்கலாம். அல்லது நீங்கள் ஓயாமல் தடவும் களிம்பாகவே இருக்கலாம். இத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் அதை நீங்களாகவே தொடர்ந்தால் தோல் மெலிந்து எரிச்சல் கூடும். இன்றோடு நிறுத்துங்கள்.

எந்தச் சிகிச்சை செய்துகொண்டாலும், அதன்பின் காய்ச்சல் வந்து, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய், சிறுநீரும் கழிக்க முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அரிதாக வரும் தீவிரக் கிருமித்தொற்றின் அறிகுறி அது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல், கொலோனோஸ்கோபிக்குப் பதிவு செய்யும்போதே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அந்தப் பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள்.