சைக்கிள் பக்கம்: ரயில் விட்டுப்போன மலைப்பாதை

*ஸ்பெயினின் கத்தலோனியாவில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சரளைப் பாதைகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில.*

அக்கா, நாங்கள் லோசானில் இருக்கிறோம். ஒன்பது, பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். ஈஸ்டர் விடுமுறைக்குக் கார் தொந்தரவே இல்லாமல் ஒரு சைக்கிள் பயணம் போக ஆசை. மனைவிக்கு ஏற்றம் என்றாலே ஆகாது, ஆனால் மலை பார்க்க வேண்டுமாம். இது நடக்கிற காரியமா?
— லோசான் வாசகர்

தாராளமாக நடக்கும். பழைய ரயில் பாதையைத் தேடிப் பிடியுங்கள். ரயில் எஞ்சினுக்கும் உங்கள் மனைவிக்கும் ஒரே குணம், செங்குத்தாக ஏறச் சொன்னால் இரண்டு பேரும் மாட்டார்கள். அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையை வளைத்து வளைத்து, நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் மட்டும் ஏறும்படி பாதை போட்டார்கள். ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கி, மண்ணை இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். ஸ்பெயினில் இதற்கு ‘வியா வெர்டே’, பச்சை வழி என்று பெயர். 1993-ல் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்வது ஜிரோனாவுக்கும் ஓலோட்டுக்கும் இடையில் இருக்கும் பாதை. ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இதில் ஓடியது 75 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் போன குட்டி ரயில், ‘கரிலெட்’. 1911-ல் ஓலோட்டை எட்டியது, 1969-ல் நிறுத்திவிட்டார்கள். ‘கிளம்பத் தோன்றினால் கிளம்பும், முடிந்தால் வந்து சேரும்’ என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் அதைக் கிண்டல் செய்வார்களாம். பிள்ளைகளோடு போகும்போது நீங்களும் அப்படியே போங்கள், அவசரம் வேண்டாம்.

ஓலோட்டிலிருந்து ஜிரோனா நோக்கி வாருங்கள். ஓலோட் கடல்மட்டத்திலிருந்து 440 மீட்டர், ஜிரோனா 70 மீட்டர். ஆனால் கிளம்பியதுமே இறக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கொல் டென் பாஸ் என்ற கணவாய் வரை மெல்ல ஏற வேண்டும், அது 620 மீட்டர் அளவில் இருக்கிறது. மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது. அதைத் தாண்டினால் சான்ட் பெலியூ டெ பாலெரோல்ஸ், லெஸ் பிளானெஸ், அமேர் என்று வரிசையாகச் சிற்றூர்கள். மிதிக்காமலே உருண்டு வரலாம். புருஜென்ட் ஆறு கூடவே வரும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு நடுவில் அமேரில் தங்குங்கள். வளைவுத் தூண்கள் சூழ்ந்த பெரிய சதுக்கம் அங்கே உண்டு, மாலையில் ஊர்ப் பிள்ளைகள் அதில் பந்து விளையாடுவார்கள். உங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மொழி தேவைப்படாது. கத்தலோனியாவின் முன்னாள் தலைவர் புஜ்டமோன் பிறந்த ஊரும் இதுதான், அவர் குடும்பத்துக்கு பேக்கரித் தொழில்.

கார் அறவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஊர்களுக்குள் கொஞ்ச தூரம் தெருவோடு தெருவாகப் போகும். கார் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களும் உண்டு, அங்கே சின்னவரை இறங்கித் தள்ளச் சொல்லுங்கள். டிராக்டர் எதிரே வரும். ஸ்பெயினில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எங்கே ஓட்டினாலும் ஹெல்மெட் கட்டாயம். ஊருக்கு வெளியே என்றால் பெரியவர்களுக்கும்தான்.

ஓலோட்டுக்கு இப்போது ரயில் கிடையாது. ஜிரோனாவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால், வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடும் கடைகள் இருக்கின்றன. நாலு பேருக்கு அதுதான் சுலபம்.

சரளைப் பாதைக்கென்றே செய்த கிரேவல் பைக் வாங்காமல் இந்தப் பாதைக்குப் போகக் கூடாது என்கிறான் நண்பன். என்னிடம் தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான பழைய ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது, டயர் 35 மில்லிமீட்டர் அகலம். கடையில் விசாரித்தால் இரண்டாயிரம் யூரோ சொல்கிறார்கள். என்ன செய்ய?
— பாரிஸ் வாசகர்

இரண்டாயிரம் யூரோவுக்கு ஜிரோனாவில் ஒரு மாதம் தங்கலாம். நண்பரிடம் அதைச் சொல்லுங்கள்.

நான் ஓட்டுவது ஒரு பழைய இரும்பு சைக்கிள், கேரியரும் மட்கார்டும் போட்டது. இந்தப் பாதையில் அதற்குக் குறை எதுவும் வந்ததில்லை. இங்கே போட்டிருப்பது பெரும்பாலும் கருங்கல் சிதைந்து உண்டான பருமணல், ‘சவுலோ’ என்பார்கள். தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும், இறுகிவிட்டால் தார்ச்சாலைக்குக் கொஞ்சம்தான் மட்டம். 35 போதும். காற்றைத்தான் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் ‘அதிகபட்சம் 75 பி.எஸ்.ஐ.’ என்று எழுதியிருந்தால் நம் ஆட்கள் 75 அடித்துவிடுவார்கள். அப்புறம் மணிக்கட்டு வலிக்கிறது, பாதை மோசம் என்று குறை சொல்வார்கள். எழுபது கிலோ ஆளுக்கு இந்த டயரில் 45, 50 அடித்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால், டியூப் போட்ட டயர் கல்லில் இடித்து டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் நல்ல டயர் ஒரு ஜோடியும் மணி ஒன்றும் வாங்குங்கள். மணியை மறக்காதீர்கள். இந்தப் பாதையில் முதல் உரிமை நடப்பவர்களுக்கு, அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஜிரோனா பக்கம் தாத்தா பாட்டிகள் வரிசையாக நடந்து வருவார்கள். பின்னால் போய் திடுக்கென்று பிரேக் போடாதீர்கள்.

அறுபத்திரண்டு வயது எனக்கு. முழங்கால் சுமார்தான். தனியாகப் போகிறேன். எந்தத் திசையில் ஓட்டுவது நல்லது? நான் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?
— லண்டன் வாசகர்

முழங்கால் சுமார் என்றால் வழிகாட்டிகள் எல்லாரும் மேலிருந்து கீழே வரச் சொல்வார்கள். லோசான் குடும்பத்துக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். உங்களுக்கு மாற்றிச் சொல்கிறேன் அண்ணா: ஜிரோனாவிலிருந்து மேலே ஏறுங்கள். கீழ்ப்பாதியில் தெர் ஆற்றங்கரையும் தொழிற்சாலைச் சுவர்களும் பழைய நூல் ஆலை ஊர்களுமாக இருக்கும், பார்க்கச் சுமார். அமேருக்கு அப்புறம்தான் பள்ளத்தாக்கு நெருங்கி வந்து மலை எதிரே நிற்கும். இறங்கி வருகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். அமேர் வரை ஏற்றம் தெரியவே தெரியாது. அதற்கு மேலே கணவாய் வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் நானூற்றுச் சொச்சம் மீட்டர் ஏறும். சின்ன கியரில் போட்டுக் காலைச் சுழற்றினால் முழங்காலுக்குப் பாரம் இல்லை. பெரிய கியரில் அழுத்தி மிதித்தால்தான் வம்பு. முடியவில்லை என்றால் மோட்டார் வைத்த சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓலோட் இருக்கும் கரோச்சா பகுதியில் நாற்பது எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. கடைசியாகக் குமுறியவற்றில் ஒன்று குரோஸ்காட், அதுவே பத்தாயிரம் ஆண்டுக்கும் முந்தைய கதை, பயம் வேண்டாம். அதிலிருந்து வழிந்த குழம்பின் மேல் வளர்ந்ததுதான் பஜேடா டென் ஜோர்தா என்ற பீச் மரக்காடு. அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போங்கள். சான்டா மார்கரிடா எரிமலையின் வாய்க்குள்ளே புல்வெளி, நடுவில் ஒரு சின்னக் கோயில். அதற்கென்று ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

சாப்பாடு. அந்த எரிமலை மண்ணில் விளையும் சான்டா பாவ் வெள்ளை மொச்சைக்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டோடுதான் தட்டுக்கு வரும், ‘சென்சே கார்ன்’, கறி வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். ‘ஓலோட் உருளைக்கிழங்கு’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே கொத்துக்கறி. எஸ்கலிவாடா கேளுங்கள், சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயும் குடைமிளகாயும், மேலே ஆலிவ் எண்ணெய். நெத்தலி மீன் வைத்துவிடுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தக்காளி தேய்த்த ரொட்டி எந்தக் கடையிலும் உண்டு. அந்த பீச் மரக்காட்டுக்குள்ளேயே ஒரு கூட்டுறவுப் பண்ணை தயிர் செய்கிறது, மனநலம் குன்றியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கியது. கடைகளில் ‘லா பஜேடா’ என்ற பெயரில் கிடைக்கும். ரொட்டியும் அந்தத் தயிரும் இருந்தால் சைவக்காரர் பிழைத்துக்கொள்ளலாம்.

மே மாதம் போகலாமா? மழை வருமா?
— டூசெல்டோர்ஃப் வாசகி

போகலாம், வரும். ‘ஓலோட்டில் மழை இல்லையென்றால் எங்கேயும் மழை இல்லை’ என்பது அந்த ஊர்ப் பழமொழி. மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், கீழே ஜிரோனா பக்கம் வெயில் தாங்காது.

எனக்குக் குகைப்பாதை பிடிக்கும். நீங்கள் சொல்லும் இடத்தில் அது குறைவு என்கிறார்களே?
— துலூஸ் மாணவன்

உண்மைதான் தம்பி. உனக்கு ஏற்ற இடம் ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில் இருக்கிறது. ஒல்வேரா ஊருக்கும் புவெர்தோ செர்ரானோவுக்கும் நடுவே 36 கிலோமீட்டர், அதில் 30 குகைகள், 4 பெரிய பாலங்கள். விசேஷம் என்னவென்றால் அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. 1920-களில் மலையைக் குடைந்தார்கள், நிலையங்களும் கட்டினார்கள், பணம் தீர்ந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, அப்படியே கிடந்தது. வழியில் சாப்ரமகோன் பாறையில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஓட்டாதே, நின்று பார். குகைகளில் விளக்கு உண்டு என்று நம்பிப் போகாமல் உன் விளக்கைக் கொண்டுபோ. வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடி கண் ஒன்றும் தெரியாது.

அலுவலக வேலையாக பார்சிலோனா போகிறேன். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. இதில் எதையாவது பார்க்க முடியுமா?
— கோவை வாசகர்

ஓலோட் ஒரு நாளில் ஆகாது. ரிப்போல் போங்கள். பார்சிலோனாவிலிருந்து ஆர்-3 என்ற புறநகர் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வாடகைச் சைக்கிளையும் கூடவே ஏற்றலாம், தனிக் கட்டணம் இல்லை. ரிப்போலிலிருந்து சான்ட் ஜோன் டெ லெஸ் அபடெசெஸ் வரை பத்து கிலோமீட்டர். அந்தப் பக்கத்துச் சுரங்கங்களின் நிலக்கரியை இறக்க 1880-ல் போட்ட ரயில் வழி, நூறு வருஷம் ஓடி 1980-ல் நின்றது. பெரும்பாலும் தார் போட்டுவிட்டார்கள், சரளை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் மலை சுற்றிலும் இருக்கும், கார் இருக்காது. போய்ச் சேரும் ஊரில் ஒரு பழைய மடம். 887-ல் வில்பிரட் என்ற பிரபு கட்டி, தன் மகள் எம்மாவைத் தலைவியாக வைத்த இடம்.

கிளம்புகிற அன்று காலையில் ரயில் நேரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த வழியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள், சைக்கிளைப் பேருந்தில் ஏற்றுவது நிச்சயமில்லை. அப்படி ஏதாவது என்றால் ஜிரோனாவுக்கு வேறு ரயில் பிடித்து, அங்கேயிருந்து அமேர் வரை போய்த் திரும்புங்கள்.