தனிப் பிரிவு தொடங்கியும் மக்கள் குழுக்கள் அலைகின்றனவா?

வணக்கம். உங்கள் நகராட்சியில் சமூக மேம்பாட்டுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியும், மக்கள் குழுக்கள் இன்னும் மேசை மேசையாக அலைகின்றன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. அந்தப் பிரிவு ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள். சாலை, குடிநீர், பூங்கா எல்லாவற்றுக்கும் பணமும் கையெழுத்தும் வேறு பிரிவுகளிடம் இருக்கும்போது, இவர்களால் கடிதம்தான் அனுப்ப முடியும்.

நான் முதலில் மாற்றச் சொல்வது எல்லைகளை. பெரும்பாலும் ஒவ்வொரு பிரிவும் ஊரை வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கும். எல்லாருக்கும் ஒரே பகுதி எல்லை, பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் என்று வையுங்கள். சின்ன வேலைகளுக்கு அவரே செலவழிக்க ஒரு தொகையும், மற்றப் பிரிவுகளைக் கூட்டத்துக்கு வரவழைக்கும் அதிகாரமும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அவரும் கடிதம்தான் அனுப்புவார்.

பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரில் 1989-இல் பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில் மக்களும் சேர்ந்து முடிவெடுக்கும் முறை, தொடங்கியது. நகரை 16 பகுதிகளாகப் பிரித்து, எந்த வேலை முதலில் என்பதை அங்கங்கே வசிப்பவர்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிக்குப் பணப் பங்கீட்டில் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். இந்த விதியை நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குரல் பெரிதாக உள்ளவர்களுக்கே எல்லாம் போகும்.

அப்புறம், முடியாது என்று தள்ளிய கோரிக்கைகளுக்கும் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.