அப்பா இறங்கிய சுரங்கம், நீங்கள் ஏறிய ரயில்

அன்புள்ள சகோதரிக்கு,

விருப்ப ஓய்வு பெற்றுத் திரைப்படம் படிக்கச் சேர்ந்திருக்கும் நீங்கள், அப்பாவைப் பற்றிய ஆவணப்படத்தைப் படிப்பின் கடைசிப் பருவத்தில்தான் எடுக்கச் சொல்வார்கள், அதுவரை பொறுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்த உங்கள் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. மூடிக் கிடக்கும் சுரங்கக் கோபுரத்தையும் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளையும் அடுத்த ஆண்டு போனாலும் படம் பிடிக்கலாம். அவருடைய குரலை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

அதற்குக் கல்லூரியின் பெரிய கேமரா தேவையில்லை. கைப்பேசியும், சட்டையில் குத்தும் சிறிய மைக்கும் போதும். காலை நேரத்தில், அவர் களைப்பதற்குள் முடியும் அளவுக்கு மட்டும் உட்காருங்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். குழல்விளக்கு எரியும் அறையென்றால் கேமராவின் ஷட்டர் வேகம் 1/50-இல் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத வேகங்களில் படம் துடிக்கலாம். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தொகுப்பில் வெட்டிய இடங்களை ஒட்டவைக்க அது வேண்டியிருக்கும். அன்றன்றைய பதிவை இரண்டு வன்வட்டுகளில் நகலெடுத்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.

“சுரங்க வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால், விழா மேடையில் பேசுவதுபோல்தான் பேசுவார். கூண்டில் இறங்கும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள், சாப்பாட்டை எங்கே வைப்பார்கள், பாறை வெடித்த நாளில் வீட்டுக்கு யார் சேதி சொன்னார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மகளாக இருப்பதில் உள்ள பெரிய தொல்லையே, அப்பா வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் முடித்துவைத்துவிடுவதுதான்.

நீங்கள் அனுப்பிய திட்ட வரைவைப் படித்தேன். 1880-இல் பிரிட்டிஷ் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர்கள் வேலைக்குப் போனது, 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1956-இல் அரசுடைமையானது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. இருபது நிமிடப் படம் இவ்வளவையும் தாங்காது. இவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வரைவின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் மாரிக்குப்பம் ரயில் நிலையத்திலிருந்து விடியற்கால ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போனதாக. என் கணக்கில் உங்கள் படம் அதுதான். அப்பா ஷிஃப்டுக்கு இறங்கிய வீட்டிலிருந்து மகள் ரயிலுக்குக் கிளம்புகிறாள். அப்பா அந்த லைன் வீட்டை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டை, விட்டு இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு உங்களிடமே பதில் இல்லை என்று எழுதியிருப்பது நல்ல அறிகுறி. உடன் படிக்கும் பிள்ளைகளில் பலர் சுரங்கம் மூடிய ஆண்டில் பிறந்திருக்கவே மாட்டார்கள். வகுப்பில் வயது கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். இந்தப் படத்துக்கு அந்த வயதுதான் தகுதி.

உங்கள் அண்ணன் சம்மதிக்க மாட்டார் என்ற பயம் நியாயமானது. அவரைப் பற்றிய பகுதியைப் படத்தொகுப்பு முடியும் முன்பே போட்டுக் காட்டுங்கள். படத்தில் வருகிற எல்லாரிடமும், சொந்தக்காரரானாலும், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சுரங்க வளாகத்துக்குள் நுழைய முன் அனுமதி கட்டாயம். காசு கொடுத்து எடுத்த குடும்பப் புகைப்படங்களுக்கும் கல்யாண வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஆல்பத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பின்னணியில் டிவியில் ஓடும் சினிமாப் பாட்டு அப்படியல்ல. பேட்டி எடுக்கும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

இனி பிழைப்பு. இந்தப் படம் பணம் தராது. மும்பையில் 1990 முதல் நடக்கும் சர்வதேச ஆவணப்பட விழா, திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமி நடத்தும் விழா போன்றவற்றுக்கு அனுப்பலாம். தேர்வானால் பெயர் கிடைக்கும், மாத வருமானம் வராது. உதவி இயக்குநராகப் போய் இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு இரவு பகலாக நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை ஆண்டு கோப்பு, கணக்கு, காலக்கெடு பார்த்தவர் நீங்கள். ஆவணப்படக் குழுக்களில் தயாரிப்பு நிர்வாகத்துக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும், எளிதில் கிடைப்பதும் இல்லை. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வருவதால் கள ஆய்வு, பேட்டி எழுத்தாக்கம், வசன வரிகள் ஆகிய வேலைகளும் உண்டு. விருப்ப ஓய்வில் வந்த தொகையில் கேமரா வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வீட்டுச் செலவுக்கு ஓராண்டுத் தொகையைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, மீதியில் படத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். அந்த வரம்பை உங்கள் மகனிடமும் சொல்லிவிடுங்கள். அவன் கவலை படத்தைப் பற்றியதல்ல, தன் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவோடு முதல் பதிவு முடிந்ததும், வெட்டாமல் ஒரு பத்து நிமிடத்தை எனக்கு அனுப்புங்கள். கேட்டுவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.