மோசமான மாதத்தில் எத்தனை எழுதுவீர்கள்?

கேள்வி: நானும் அண்ணனும் கட்டடங்களில் நீர்க்கசிவை அடைக்கும் வேலை எடுத்துச் செய்கிறோம். எங்கள் வலைப்பூவில் வாரம் மூன்று பதிவு என்று முடிவெடுத்து உற்சாகமாக ஆரம்பித்தோம். முதல் மாதம் பன்னிரண்டு வந்தது, இரண்டாம் மாதம் ஐந்து, மூன்றாம் மாதம் ஒன்று. அதோடு நின்று ஆறு மாதம் ஆகிறது. மறுபடி தொடங்க ஆசை. வாரத்துக்கு எத்தனை போட்டால் நல்லது? இவ்வளவு நாள் விட்டதற்குக் கூகுள் தண்டித்திருக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இடைவெளி விட்டதற்கென்று தண்டனை எதுவும் கிடையாது. செய்தி, விலை நிலவரம் போல நாளுக்கு நாள் மாறுகிற விஷயத்தைத் தேடும்போது கூகுள் புதிய பக்கங்களுக்கு முன்னுரிமை தரும். மேல்தளம் ஏன் ஒழுகுகிறது என்று தேடுகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒழுகுவதற்கான காரணம் போன வருடமும் இதேதான்.

சரி, எத்தனை? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் பதினெட்டு. சராசரி போட்டால் மாதம் ஆறு வரும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதல் மாதம் எழுதியது உங்கள் உற்சாகம். வேலை நெருக்கியபோதும் எழுத முடிந்தது அந்த மூன்றாம் மாதத்து ஒன்றுதான். அங்கிருந்து தொடங்குங்கள். மாதம் ஒன்று உறுதி, முடிந்தால் இரண்டு. வாரம் மூன்றுக்கு முன்னால் இது அற்பமாகத் தெரியும். ஆனால் மாதம் இரண்டு வீதம் ஒரு வருடம் ஓடினால் இருபத்துநான்கு, நீங்கள் இதுவரை எழுதியதைவிட ஆறு அதிகம்.

நானும் இதில் அடிபட்டவள்தான். கிடங்கில் சரக்கு எண்ணும் மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வலைப்பூவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது வாரம் எழுதுவதற்கான சரக்கு முழுக்கத் தீர்ந்துபோய், ‘குழுவாக வேலை செய்வதன் ஐந்து பயன்கள்’ என்று ஒன்றை எழுதிப் போட்டேன். அதை யாரும் படிக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

அதற்கப்புறம்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். விஷயம் தெரிந்தவரோடு பேச ஒரு மணி நேரம், எழுத மூன்று, படங்களுக்கு ஒன்று, திருத்தி ஏற்ற ஒன்றரை. ஆக ஒரு பதிவுக்கு ஆறரை மணி நேரம். நான் மனக்கணக்காக இரண்டு மணி நேரம் என்று நினைத்திருந்தேன்! உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்பு இதே வேலை எவ்வளவு நேரம் இழுத்தது என்று தெரிந்திருந்தும், இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனசு நம்புமாம்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. ஆறரை மணி நேர வேலை வெளியே வருவதற்குப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதில் பன்னிரண்டு நாள், வரைவு எங்கள் பொறியாளரின் மின்னஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர்மேல் தப்பில்லை. நான்கு பக்கத்தை அனுப்பி ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் யார்தான் உடனே திறப்பார்கள்? பிறகு முழு வரைவை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சந்தேகமான மூன்று வரிகளை மட்டும் போனில் படித்துக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் அந்தப் பொறியாளர் அண்ணன்தான் என்று ஊகிக்கிறேன். அவரை எழுதச் சொல்லாதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்து, எழுதுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மழை பெய்தால்தான் மக்கள் ஒழுகலைப் பற்றித் தேடுவார்கள். அப்போதுதான் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் வருடம் முழுக்க ஒரே வேகம் என்ற எண்ணத்தை விடுங்கள். மழை நாளில் எழுதவே வேண்டாம், வருகிற போன்களில் கேட்கும் கேள்விகளை மட்டும் குறித்து வையுங்கள், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே. ‘போன வருடம்தான் பூசினோம், மறுபடி அதே இடத்தில் ஈரம்’ என்று ஒருவர் சொன்னால், அதுவே தலைப்பு. தொட்டி மாதிரித் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கும் சோதனையை ஏன் செய்கிறீர்கள் என்று ஒருவர் சந்தேகப்பட்டால் அது இன்னொன்று. வேலை குறைந்த மாதங்களில் அந்த நோட்டைப் பார்த்து எழுதுங்கள். நான்கு பதிவு கையில் சேரும்வரை ஒன்றையும் வெளியிடாதீர்கள். இந்தக் கையிருப்பு இரண்டுக்குக் கீழே போனால் மாதம் ஒன்றுக்கு இறங்கிவிடுங்கள். செவ்வாய்தோறும் புதிய பதிவு என்றெல்லாம் தளத்தில் அறிவிக்காதீர்கள். வாடிக்கையாளர் யாரும் அந்தச் செவ்வாய்க்காகக் காத்திருக்கப் போவதில்லை. தவறவிட்டால் உறுத்தப் போவது உங்களுக்குத்தான்.

பழைய பதினெட்டையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பதினாறு மாதக் கணக்கு இருக்கும். எந்தப் பதிவுக்கு ஆட்கள் வந்தார்கள், எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்று பாருங்கள். ஆட்கள் வரும் பதிவில் விடுபட்டதைச் சேர்த்து, மங்கலான படத்தை மாற்றிச் சீர்செய்வதும் அந்த மாதக் கணக்கில் ஒன்றுதான். ஒரு மாதம் புதியது, ஒரு மாதம் பழுதுபார்ப்பு என்று போனால்கூட நான் குறை சொல்லமாட்டேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவை வைத்து நாளுக்கு ஒரு பதிவு தயாரித்துவிடலாம் என்கிறார் என் பங்குதாரர். அட்டவணைப் பிரச்சினையே தீர்ந்துவிடும் அல்லவா?

பதில்: எழுதும் மூன்று மணி நேரம் குறையலாம். சரிபார்க்கும் நேரம் குறையாது, நாளுக்கு ஒன்று என்றால் அது மலையாகக் குவியும். தேடலில் மேலே வருவதற்காகவே, படிப்பவருக்குப் பயனில்லாத பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில், அதாவது குப்பைப் பக்கங்களைத் தடுக்கும் விதிகளில், சேர்த்தது. இயந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்பதல்ல அங்கே கேள்வி. நீங்கள் பேசிய பேச்சைக் குறிப்புகளாக ஒழுங்குபடுத்த அதைப் பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களிடம் சொல்ல விஷயமே இல்லாத நாளில் அதனிடமும் இருக்காது. பங்குதாரரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த முப்பது பதிவையும் அவர் உட்கார்ந்து படித்துப் பார்ப்பாரா?

கேள்வி: புதிதாக எழுத நேரமில்லாத மாதங்களில், பழைய பதிவின் தேதியை மட்டும் மாற்றிப் போடலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே ஒன்றும் மாறாமல் புதிது போலக் காட்டத் தேதியை மாற்றுவதைக் கூகுளே தன் வழிகாட்டுதலில் எச்சரிக்கை அறிகுறியாகச் சொல்கிறது. உண்மையாகத் திருத்தினால் ‘திருத்தியது’ என்று தேதியோடு போடுங்கள்.

கேள்வி: வலைப்பூவை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் காலை ஒன்பது மணிக்கு என்று நேரம் குறித்து வைத்தாலும் சில நாட்களில் பதிவு தாமதமாக வெளியாகிறது. ஏன்?

பதில்: தளத்துக்கு யாராவது வரும்போதுதான் வேர்ட்பிரஸ் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்கும். ஒன்பது மணிக்கு ஒருவரும் வராவிட்டால் அடுத்த ஆள் வரும்வரை பதிவு காத்திருக்கும். உங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம் சொன்னால், இந்தச் சோதனையைச் சர்வரின் கிரான் வேலையாக, அதாவது சர்வரே நேரம் பார்த்துத் தானாகச் செய்யும் வேலையாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி செய்துகொடுப்பார்.