எத்தில் அசிட்டேட் என்றால் என்ன? நகப்பூச்சு நீக்கியில் பழ வாசனை ஏன்?

சாராயமும் (எத்தனால்) வினிகரின் புளிப்பான அசிட்டிக் அமிலமும் சேர்ந்து, நடுவில் தண்ணீரைக் கழற்றிவிட்டால் கிடைப்பது எத்தில் அசிட்டேட். இந்த வகைச் சேர்மங்களை எஸ்டர் என்பார்கள். ஆனி மாதம் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிப் பக்கம் போனால், கனிந்து குழைந்த பழத்திலிருந்து லேசான சாராய நெடியோடு ஓர் இனிப்பு வாசம் வருமே, அதில் இதற்கும் பங்குண்டு. பல நகப்பூச்சு நீக்கிகளிலும் இது இருப்பதால்தான் அவற்றில் பழ வாசனை.

திறந்து வைத்தால் சட்டென்று ஆவியாகிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் கூட்டம் மாதிரி. பிரிக்க 100 டிகிரி வேண்டும். எத்தில் அசிட்டேட் மூலக்கூறுகளோ தோள் உரசி நிற்பவை மட்டுமே. 77 டிகிரியிலேயே கொதிக்கும். பூச்சைக் கரைத்துவிட்டு சுவடில்லாமல் பறந்துவிடுவதால்தான் அச்சு மை, பசை, பெயின்ட் தொழிலில் இதற்கு மவுசு. காபிக்கொட்டையில் காஃபீனை நீக்கவும் பயன்படுகிறது.

பயப்பட வேண்டியது நெருப்புக்குத்தான். மைனஸ் 4 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். ஓசூர் மார்கழிக் குளிரெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். கசிந்த சிலிண்டர் கேஸ் போலத் தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். எரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், அதன்மேல் மிதந்து பரவும். நுரை அல்லது உலர்தூள் அணைப்பான் வேண்டும். மூடிய அறையில் முகர்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு. அடிக்கடி பட்டால் தோல் வறண்டு வெடிக்கும்.

'அசிட்டோன் (பூச்சைக் கரைக்கும் இன்னொரு திரவம்) இல்லாதது' என்று எழுதிய நகப்பூச்சு நீக்கி தீப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குள் இருப்பதே இந்த எத்தில் அசிட்டேட்தான்.