ரெண்டு பர்சன்ட் எங்க போகுது?

வணக்கம் சார்,
நான் ஈரோட்டுல வீட்ல இருந்தே காட்டன் சேலை ஆன்லைன்ல விக்கிறேன். ஆயிரம் ரூபா சேலைக்கு, கஸ்டமர்கிட்ட ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வேக்காரங்க 23 ரூபா 60 பைசா பிடிச்சிக்கிறாங்க, மீதி கைக்கு வர ரெண்டு நாள் ஆகுது. நம்ம பணத்த வட்டிக்கு விட்டுத்தான் இவங்கல்லாம் இவ்ளோ பெருசா வளந்தாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. நெஜமா சார்?
ஒரு வாசகி, ஈரோடு

வணக்கம்மா,

வீட்டுக்காரர் கேட்டது நியாயமான சந்தேகம்தான். ஆனா 2020 மார்ச்ல ரிசர்வ் பேங்க் போட்ட ரூல்படி உங்க கஸ்டமர் கட்டுன பணம் பேங்க்ல எஸ்க்ரோன்னு ஒரு தனி அக்கவுண்ட்லதான் நிக்கணும், அதுல ஒரு பகுதிக்கு பேங்க் வட்டி தர இடம் இருக்கு, அதுக்காக அத எடுத்து வெளிய கடன் குடுக்க முடியாது. உங்ககிட்ட பிடிச்சதுல 3.60 ஜிஎஸ்டி. மிச்சம் 20 ரூபா, அதுவும் கிரெடிட் கார்டுன்னா பெரும்பகுதி கார்டு குடுத்த பேங்குக்கும் விசா, மாஸ்டர்கார்டுக்கும் போயிரும், கேட்வேக்கு நிக்கிறது கொஞ்சூண்டு.

அப்ப எப்படி வளந்தாங்க? எனக்குத் தெரிஞ்ச ரேசர்பேங்கற கேட்வே கம்பெனி கதையவே சொல்றேன். ஹர்ஷில் மாத்தூர், ஷஷாங்க் குமார்னு ஐஐடி ரூர்க்கில படிச்ச ரெண்டு பசங்க, 2014ல ஜெய்ப்பூர்ல ஆரம்பிச்சாங்க. கோடு எழுதறது ஈஸி, பேங்க் சம்மதிக்கணுமே, சின்னப் பசங்கள நம்பி யாரு பணத்த விடுவா, பேங்க் பேங்க்கா ஏறி இறங்கி முடியாது முடியாதுன்னு கேட்டுட்டு வந்தாங்க. அந்த வலி எனக்கும் தெரியும்மா, அதுக்கு சில வருஷம் முன்னாடி நான் புக்கு விக்க ஒரு சைட் போட்டு கேட்வே கேட்டப்போ முதல்லயே ஒரு தொகை கட்டச் சொல்லி, பேப்பருக்கு மேல பேப்பர் கேட்டு, மூணு மாசம் இழுத்து, கடைசில நானே விட்டுட்டேன். என்ன மாதிரி ஆளுங்களுக்கு இவங்க கொஞ்ச நாள்ல அக்கவுண்ட் தெறந்து குடுத்தாங்க பாருங்க, என்னப் பொறுத்தவரைக்கும் அதான் வளர்ச்சி, முதலீடெல்லாம் அதுக்கப்புறம்தான். 2020 அக்டோபர்ல நூறு கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி, 2021 டிசம்பர்ல 750 கோடி டாலர்.

நடுவுல அடியும் விழுந்துச்சு. 2020 ஜனவரி 1ல இருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது வியாபாரிகிட்ட பிடிக்கற பேங்க் கட்டணம், கிடையாதுன்னு அரசு சொல்லிருச்சு, எல்லா கேட்வேக்கும் அந்தப் பக்கத்து வருமானம் அடிபட்டுச்சு. நல்லவேளை ரேசர்பேக்காரங்க அதுக்கு முன்னாடியே சம்பளம் போட்டுக் குடுக்கறது, கம்பெனிகளுக்கு கரண்ட் அக்கவுண்ட், கடன்னு கிளை விட்டிருந்தாங்க. 2022 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் புது வியாபாரிங்கள சேக்காதன்னு இவங்கள நிறுத்தி வச்சுது, கேட்வே நடத்தற லைசென்ஸ் கைக்கு வர ஒரு வருஷம் ஆச்சு. ஆளே சேக்க முடியாம ஒரு வருஷம் ஓட்டறது எவ்ளோ கஷ்டம்னு கடை வச்சிருக்கற உங்களுக்கு நான் சொல்லணுமா.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. போன மாச செட்டில்மென்ட் ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி யூபிஐ எத்தன, கார்டு எத்தனன்னு எண்ணிப் பாருங்க. யூபிஐதான் ஜாஸ்தின்னா, இதுக்கு எதுக்கு ரெண்டு பர்சன்ட், கொறச்சுப் போடுங்கன்னு தைரியமா மெயில் போடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்கம்மா.